வால்வைத் திறந்த நேரம்

ரைன்லாந்தில், துகள்களை வட்டமாக ஓடவிடும் காந்த வளையம் ஒன்றை எவால்ட் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிவந்தார். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் குறுக்கிட்டால், ஓடும் துகளின் சுழற்சி சட்டென்று சாயுமாம். நாலு வருஷம் தேடியும் சிக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு வளையத்தையே மூடுகிறார்கள்.

வியாழன் காலை பத்து பதினாலுக்கு, திரையில் சுழற்சியைக் காட்டும் கோடு துள்ளியது.

“எவால்ட், புடிச்சிட்டோம்!” என்று கத்தினாள் விஞ்ஞானி ஃப்ரௌக்கே.

எவால்ட் குறிப்பேட்டைப் பார்த்தார்.

“குதிக்காதீங்க டாக்டரம்மா. அதே பத்து பதினாலுக்கு நான்தான் காந்தத்துக்குப் போற குளிர்தண்ணி வால்வைத் திறந்தேன். காந்தம் குளிர்ந்தாலும் கோடு துள்ளும்.”

“மகராசன்யா நீ! இன்னிக்குத்தான் கை அரிச்சுதா?”

வால்வைத் தொடாமல் எட்டுத் தடவை ஓட்டினார்கள். கோடு அசையவே இல்லை.

“ஒரே ஒரு தடவை சாஞ்சா என்ன கொறஞ்சா போயிடுவே?” என்று வளையத்தைத் திட்டிக்கொண்டே, எவால்ட் ஒன்பதாவது ஓட்டத்துக்குப் பொத்தானை அழுத்தினார்.