தலைப்பொங்கலுக்கு வந்த கருப்புப் புடவை

போன பொங்கலன்று, பாண்டிச்சேரியில், உப்பளம் பகுதியில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். வீட்டுக்காரர் இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். ஒரே பையன். புனேக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு மராட்டிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். இவர் போகவில்லை, என்னையும் விடவில்லை. பேச்சுவார்த்தையே நின்றுபோனது. நான் அழுதேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. ஆனால் கார்த்திகையில் மாலை போட்டு சபரிமலைக்குப் போய் வந்தவர், என்ன நினைத்தாரோ, "பொங்கலுக்கு வரச்சொல்லு" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

வந்தார்கள். இவர் மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டியதோடு சரி. ஒரு வார்த்தை பேசவில்லை. கற்றுக்கொண்டு வந்த நாலு தமிழ் வார்த்தையையும் அவள் என்னிடமே சொல்லித் தீர்த்தாள், பாவம்.

பொங்கலன்று காலையில் வாசலில் செங்கல் வைத்துப் பானை ஏற்றியிருந்தோம். பாகூரிலிருந்து என் நாத்தனார், இவருடைய அக்கா, வந்திருந்தார். வந்ததிலிருந்து பெண் வீட்டு சீர் எங்கே, சீர் எங்கே என்று கேட்டு என்னைத் துளைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மருமகள் வெளியே வந்தாள். கருகருவென்று ஒரு பட்டுப்புடவை. தலையில் நான் வாங்கி வைத்த மல்லிகை. கழுத்தில் சர்க்கரையிலேயே செய்த மணிகளைக் கோத்த ஒரு மாலை. எங்கள் ஊர் எறும்புகளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்து, இரண்டு அவள் தோளில் ஏறியிருந்தன.

எத்தனையோ பேருக்குக் கருப்புத் துணியில் ரவிக்கை தைத்திருக்கிறேன். நல்ல நாளுக்கென்று ஒருத்தியும் கேட்டதில்லை. நாத்தனார் விடுவாரா?

"பொங்கலும் அதுவுமா இன்னா இது கருப்பு! தம்பி, நீயும் பாத்துகினு நிக்கிற?"

வார்த்தை புரியாவிட்டாலும் முகம் புரியாதா? அந்தப் பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என் பையனுக்கு முகம் சிவந்தது. "அவங்க அம்மா குடுத்தது அத்தை. மத்த நல்ல நாள்ல அவங்களும் கருப்பு கட்டமாட்டாங்க. அவங்க ஊர்ல இன்னிக்கு சங்கராந்தி, இதுக்கு மட்டும் புதுப்பொண்ணுக்குக் கருப்புப் பொடவதான் சீர்" என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வார்த்தை யாராவது சொன்னால் பெட்டியை எடுத்துவிடுவான், அப்புறம் இந்த வாசலை மிதிக்கவே மாட்டான்.

இவர் வாயைத் திறப்பதற்குள் அவளை உள்ளே அழைத்துப் போய் என் மஞ்சள் புடவை ஒன்றைக் கட்டிவிடலாம் என்று, இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியை எடுத்துவிட்டேன். அதற்குள் இவர் பேசிவிட்டார்.

"ஏங்க்கா, மாலை போட்டு கருப்பு வேட்டி கட்டிகினு நின்னப்ப சாமி சாமின்னு என் கால்ல வுழுந்தியே, அது மட்டும் இன்னா கலரு?"

"அது சாமிக்குடா!"

"இது மட்டும் யாருக்கு? அவங்களும் சூரியனத்தான் கும்புடுறாங்க."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். இவர் அரிசிப் படியை எடுத்து மருமகள் பக்கம் நீட்டி, "வாம்மா, வந்து நீ போடு" என்றார். அதுதான் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அவள் என்னைப் பார்த்தாள், போ என்று கண்ணைக் காட்டினேன். படியை வாங்கி அரிசியைப் போட்டாள். புகைமேல் பழியைப் போட்டுவிட்டு நான் நன்றாக அழுதேன்.

நாத்தனார் அன்று முழுக்க உர்ரென்றுதான் இருந்தார். ஆனாலும் கிளம்பும்போது மருமகளுக்குக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் போனார். இப்போது வாரம் தவறாமல் மாமனாரும் மருமகளும் வீடியோ காலில் பேசிக்கொள்கிறார்கள். பாதி தமிழ், பாதி சைகை.

யாருக்குப் பயந்து அந்தப் பெண்ணின் புடவையை மாற்ற நான் சாவியை எடுத்தேனோ, அந்த மனுஷன்தான் அவளை அவள் புடவையோடேயே "வாம்மா" என்று கூப்பிட்டார். இருபத்தேழு வருஷம் கூடவே வாழ்ந்தும் இவரை எனக்கு முழுசாகத் தெரியவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம், வெட்கத்தைவிட சந்தோஷம்தான் அதிகமாக இருக்கிறது.