என் கயிற்றை அறுத்தவள்

என் மனைவியைப் பற்றி அவளுடைய சைக்கிள் சங்கத்து மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அதற்கு என்னை விட்டால் ஆள் ஏது? பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் உட்காரவில்லை. ஆனால் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி வைத்து, பியானோவையே மாடியிலிருந்து கீறல் விழாமல் இறக்கியவன்.

அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி தேய்த்தாள். நோயாளிகள் சுருக்கமில்லாத விரிப்பில் படுத்தது அவள் தயவு. சின்ன வயதில் அண்ணனுடைய சைக்கிளைத் துடைக்க மட்டும்தான் அவளை விட்டார்களாம். ஓய்வு பெற்றதும் தங்கையைச் சேர்த்துக்கொண்டு, விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். சங்கத்துப் பெண்கள் ஏரியைச் சுற்றி ஓட்டப்போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். பிந்தி வருகிறவர்களைச் சேர்க்கமாட்டார்கள். ஊருக்காகவே விடியலில் எழுந்தவள், தனக்காக அலாரம் வைத்தது ஏரிக்குப் போன அன்றைக்குத்தான்.

ஏரி தூரம், சைக்கிள்களைக் காரில்தான் கொண்டுபோக வேண்டும். கொழுந்தியாள், டிக்கியில் மாட்டும் ஸ்டாண்டை யாரிடமோ இரவல் வாங்கி வந்தாள்.

“மாமா, இதுல தொங்க விட்டுரலாம்.”

“நம்பர் பிளேட் மறையும். போலீஸ்காரனுக்கு நீ பதில் சொல்வியா?”

“அப்போ சக்கரத்தைக் கழட்டி உள்ள வச்சிரலாங்க,” என்றாள் மனைவி.

“சீட்டெல்லாம் கிரீஸ் ஆயிடும். அப்புறம் நான் எங்க உக்கார்றது? மேல ஏத்து. கயிறு எங்கிட்ட இருக்கு.”

சாதாரணக் கயிறா அது? என் தொழிலையே தூக்கி நிறுத்திய கயிறு. கூரையில் மெத்தை விரித்து இரண்டு சைக்கிளையும் படுக்கவைத்தேன். லாரியில் கயிறு மாட்டப் பக்கவாட்டில் கொக்கி இருக்கும். காரில் ஒன்றுமில்லை. அதனாலென்ன? கண்ணாடிகளை இறக்கி, ஒரு ஜன்னலில் விட்டு மறு ஜன்னலில் எடுத்து, முன்னும் பின்னும் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன் பாருங்கள், புயலுக்கும் அசையாது.

மனைவி ஹெல்மெட்டோடு வந்து கதவை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு கதவை இழுத்தாள். அதுவும் வரவில்லை.

“ஏங்க, கதவையும் சேத்துக் கட்டிட்டீங்களே!”

“அதுக்கென்ன, ஜன்னல் வழியா ஏறுங்க.”

“நாங்க என்ன பீரோவா மாமா?” என்றாள் கொழுந்தியாள்.

எப்படி ஏறுவதென்று நானே செய்து காட்டினேன். தோள்வரை சுலபமாகப் போனது. மீதிக்குக் காரைச் செய்தவன் இடம் வைக்கவில்லை. இரண்டு பேரும் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அவிழ்த்துவிடலாம் என்றால், என் முடிச்சு லேசில் அவிழுமா? நகம் வேறு முதல்நாள்தான் வெட்டியிருந்தேன்.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே போய், துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு வந்தாள்.

“அடியே, அது என் கயிறு!”

“இன்னைக்கு என் நாள். தள்ளி நில்லுங்க.”

அறுத்தே விட்டாள். முன்சக்கரங்களைக் கழற்றி, பின்சீட்டை மடக்கி, பழைய விரிப்பைப் போட்டு இரண்டு சைக்கிளையும் உள்ளே நுழைத்தார்கள். மிச்சம் முன்னால் இரண்டே சீட்டு. அவள் ஓட்ட, தங்கை பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

“மாமா, வேணும்னா மேல படுத்துக்கோங்க. மெத்தை இருக்கு, கட்டிக்கக் கயிறும் மிச்சமிருக்கு.”

மெத்தையை என் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் வரிசையில் நிற்கும்போது போய்ச் சேர்ந்தாளாம். ஏரியை முழுசாகச் சுற்றிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வாசலில் வந்து நின்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் சங்கத்தார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் அறுத்தது கயிற்றைத்தான். முடிச்சு அவிழவில்லை, மேசைமேல் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து முயன்று பார்க்கலாம்.