பழைய சொந்தக்காரருக்கு ஒரு போன்

சீனாவின் சியாமென் நகரில் இணையதள முகவரிப் பெயர்களை வாங்கி விற்கிறவர்களிடம் சுவாங் பீயுன் என்று சொன்னால் முதலில் சலிப்புதான் வரும், மரியாதை அப்புறம் வரும். "அந்த அக்காவா? சரியான இழுவை. ஆனா அவங்க கை வழியா வந்த பேரு எதுவும் வில்லங்கமாப் போனதில்ல" என்பார்கள். இரண்டுமே உண்மை.

அவள் பார்ப்பது நடுவில் நிற்கிற வேலை. விற்கிறவர் ஓர் ஊரில் இருப்பார், வாங்குகிறவர் வேறு ஊரில் இருப்பார். இருவரும் முகம் பார்த்திருக்க மாட்டார்கள். பணத்தை முதலில் நீட்டினால் பெயர் வராமல் போகலாம், பெயரை முதலில் மாற்றிக் கொடுத்தால் பணம் வராமல் போகலாம். அதனால் வாங்குகிறவர் பணத்தைப் பீயுனிடம் கட்டிவிடுவார். பெயர் கை மாறியதும் அவள் அதை விற்றவருக்கு அனுப்புவாள். ஊரில் மற்றவர்கள் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடிப்பார்கள். இவள் மூன்று நாள் எடுப்பாள்.

அந்த மூன்று நாளும் பெயரின் பழைய பதிவுகளைத் தோண்டுவாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை யார் பேரில் இருந்தது என்று வரிசையாக எழுதுவாள். அந்த வரிசையில் அதிக காலம் வைத்திருந்தவர் யாரோ, அவரை எப்படியாவது தேடிப் பிடித்துப் போன் செய்வாள். "நீங்க இத வித்தீங்களா? யாருக்கு வித்தீங்க? எப்ப வித்தீங்க?" மூன்றே கேள்வி. பாதிப் பேர் அவளையே மோசடிக்காரி என்று நினைத்துத் திட்டுவார்கள். ஹார்பின்காரர் ஒருவர் அவளுடைய மூன்று தலைமுறையையும் சேர்த்துத் திட்டிவிட்டு, மறுநாள் அவரே கூப்பிட்டு, "ஆமாம்மா, மகன்தான் வித்தானாம், எங்கிட்ட சொல்லல" என்று வருத்தப்பட்டார். பீயுன் எதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டாள். திட்டுகிறவர் உயிரோடு இருக்கிறார், போனை எடுக்கிறார் என்பதே அவளுக்குப் போதும்.

இந்தப் பழக்கம் அவளுக்குப் பிறவிக் குணமில்லை. நாற்பது வயதுவரை செருப்புத் தொழிற்சாலையில் தையல் பகுதி மேற்பார்வையாளராக இருந்தவள் அவள். ஊரே பெயர் வியாபாரத்தில் இறங்கியபோது அவளும் இறங்கினாள். டாக்ஸி ஓட்டுகிறவர்கூட ஐந்து எண் கொண்ட பெயர் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பதுபோல் பேசிய காலம் அது. வியாபாரிகள் தங்களுக்குள் பெயரை 'அரிசி' என்பார்கள், தங்களை 'அரிசி விவசாயி' என்பார்கள். வயலை எட்டிக்கூடப் பார்க்காத விவசாயிகள். திருட்டுப் பெயருக்குக் 'கறுப்பு அரிசி' என்று பெயர்.

2013 வசந்தத்தில் அவள் தன் தம்பி தியன்லாயின் பணத்தில் நான்கு எழுத்துப் பெயர் ஒன்றை வாங்கினாள். தியன்லாய் ஹாய்சாங் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். அது அவன் வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்த பணம். பெண்ணின் அப்பா, வீடு வாங்கினால்தான் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். "ரெண்டே மாசம்டா, இதையே ஒண்ணரை மடங்கா தரேன்" என்று பீயுன்தான் கேட்டு வாங்கினாள். அவன் ஒரு வார்த்தை மறுக்காமல் கொடுத்தான்.

அவள் ஒன்றும் பார்க்காமல் வாங்கவில்லை. விற்றவனின் அடையாள அட்டையை வாங்கிப் பதிவோடு ஒப்பிட்டாள். பெயர், எண், ஊர் எல்லாம் ஒத்துப்போனது. ஒத்துப்போனதே என்று நிம்மதியாகப் பணம் கொடுத்தாள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஒரே பதிவு நிறுவனத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பெயரைத் தள்ள ஐந்து நிமிடம் போதும். திருடுகிறவன் முதல் வேலையாகப் பெயரைத் தன் கணக்குக்குத் தள்ளுகிறான். உடனே பதிவில் அவன் பெயர் ஏறிவிடுகிறது. பிறகு அவன் அட்டை ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அவள் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள், அது எந்தத் தேதியில் ஏறியது என்று பார்க்கவில்லை. ஒன்பதே நாள் ஆகியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பெயர் முடக்கப்பட்டது, வூஹானிலிருந்த உண்மையான சொந்தக்காரரிடம் திரும்பிப் போனது. விற்றவன் காற்றில் கரைந்தான். வீடும் போனது, கல்யாணமும் போனது. தியன்லாய் அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அவள் பல நாள் நினைத்திருக்கிறாள்.

நான்கு வருடம் கழித்து, அக்டோபர் மாதம் ஒரு முற்பகல், அவன் அவளுடைய அலுவலகக் கதவருகே வந்து நின்றான்.

"அக்கா, உள்ள வரலாமா?"

"என்னடா கேள்வி இது? வா, வா, உக்காரு." அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு தேநீர் ஊற்றியதில் சிறு கிண்ணம் நிரம்பி வழிந்தது. "இளைச்சுப் போயிட்டே. சாப்பிட்டியா? கீழ சாட்டே நூடுல்ஸ் சொல்லட்டுமா?"

"நானா இளைச்சேன்? பெல்ட்டுல ரெண்டு ஓட்டை புதுசாப் போட்டிருக்கேன்." அவன் லேசாகச் சிரித்தான். அவள் அதற்கே உருகிப்போனாள்.

அவன் வந்த காரியத்தைச் சொன்னான். நான்கு வருடம் இரவு பகலாக ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்ததைப் போட்டுப் போன மாதம் ஒரு பெயர் வாங்கியிருந்தான். இப்போது ஹாங்சோ கம்பெனி ஒன்று அதை மூன்று மடங்கு விலைக்குக் கேட்கிறது. ஆனால் சுவாங் பீயுன் நடுவில் நின்றால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒன்னை விட்டா வேற ஆளே கிடைக்கலியாம் அவனுங்களுக்கு" என்றான். "நானும் வேற நாலு பேரச் சொல்லிப் பாத்தேன். முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் யோசிச்சேன், நல்லதுதான்னு. இது முடிஞ்சா அந்த வீட்டு விஷயத்த நாம ரெண்டு பேருமே மறந்துடலாம்க்கா. புத்தாண்டுக்கு வீட்டுக்கு வரேன்."

நான்கு புத்தாண்டாக அவள் மேசையில் ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சியைக் கூடுதலாக வைத்து, கடைசியில் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். "வா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் போனதும் பதிவுகளைத் திறந்தாள். இப்போது தியன்லாய் பேர். அதற்கு முன்னால் புத்தியன் ஊர்க்காரன் ஒருவன், அவன் வைத்திருந்தது பதினொரு நாள். அதற்கு முன்னால் எட்டு வருடம் ஒரே ஆள். வெய்ஹாயில் மீன்வலை விற்கும் சோங் என்பவர். அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அன்று அவள் போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. சோங் நியாயமாகவே புத்தியன்காரனுக்கு விற்றிருக்கலாம், அவன் லாபம் வைத்துத் தம்பிக்குத் தள்ளியிருக்கலாம், நடக்காததா என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எண்ணை அழுத்தினாள். அவர் எடுக்கக் கூடாது என்று கடல் தெய்வம் மாஸூ அம்மனை வேண்டிக்கொண்டே அழுத்தினாள். அம்மன் காதில் அது விழவில்லை.

"யாரு?" கடற்கரை இரைச்சலுக்கு நடுவே பெரிய குரல்.

"சியாமெனிலேர்ந்து பேசறேங்க. உங்க கடையோட இணையப் பேர நீங்க வித்தீங்களா?"

"எதுக்கு விக்கணும்? அது என் கடைப் பேராச்சே. காலையிலகூடக் கடையோட இணையப் பக்கத்தத் தொறந்து பாத்தேன் தங்கச்சி, நல்லாத்தான் இருக்கு. ஆர்டர் வருது, போவுது."

"அந்தப் பேரப் பதிவு பண்ணின மின்னஞ்சல் இப்பவும் உங்ககிட்ட இருக்கா?"

"அதுவா? அது மருமகன் ஆரம்பிச்சுக் குடுத்தது. ரெண்டு மூணு வருஷமாத் தொறக்கவே இல்ல. இப்பல்லாம் எல்லாம் போன்லதானே."

பீயுனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திறக்காமல் கிடந்த மின்னஞ்சல் முகவரி காலாவதியாகியிருக்கிறது. புத்தியன்காரன் அதே முகவரியைத் தன் பேரில் புதிதாக எடுத்து, அதன் வழியாகக் கடவுச்சொல்லை மாற்றிப் பெயரைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். கடைப் பக்கத்தை அவன் தொடவில்லை, தொட்டால் சோங் விழித்துக்கொள்வார். ஹாங்சோ கம்பெனி கைக்குப் போகிற அன்றுதான் கடை மூடும். இதை இந்தக் கணத்தில் அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டால் புத்தாண்டுக்குத் தம்பி வருவான்.

"எதுக்கும்மா கேட்ட?" என்றார் சோங்.

அவள் சொல்லிவிட்டாள்.

மதியம் தியன்லாய் வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். பீயுன் சுற்றி வளைக்கவில்லை.

"அது கறுப்பு அரிசிடா."

அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "இல்லக்கா. நான் பாத்துத்தான் வாங்கினேன். அட்டைய வாங்கிப் பொருத்திப் பாத்தேன். பேரு, எண்ணு எல்லாம் ஒத்துப்போச்சு."

அவள் செய்த அதே தவறு, ஒரு எழுத்து மாறாமல். இந்த நான்கு வருடத்தில் இருவரும் பேசிக்கொண்டிருந்தால், தேதியைப் பாருடா என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். இப்போது அதைச் சொல்லி என்ன பயன்?

"பதினோரு நாள்தான்டா அவன் வச்சிருந்தான். பழைய சொந்தக்காரர்கிட்டப் பேசிட்டேன். அவர் விக்கல."

"பேசிட்டியா? எங்கிட்டக் கேக்காமயா?"

"ஒங்கிட்டக் கேட்டிருந்தா பேசியிருக்க மாட்டேன்."

அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "காசு குடுத்து வாங்கினேன்க்கா. திருடல. நான் வித்துட்டுப் போறேன், அப்புறம் அந்தக் கம்பெனியாச்சு, அந்த ஆளாச்சு. கேஸ் போட்டுக்கட்டும். பெரிய கம்பெனி, தாங்குவான்."

"வலைக்காரர் தாங்க மாட்டார்."

"அவர் யாரு ஒனக்கு?"

"யாருமில்ல."

"நான் யாரு ஒனக்கு?"

அவன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். குரல் ஏறவில்லை, அதுதான் கொடுமை.

"ஊர் பேர் தெரியாத ஆளுக்கு இன்னிக்கு ஒரு போன் பண்ணியே, அதே போன அன்னிக்கு எனக்காக ஏன்க்கா பண்ணல?"

அப்போது விவரம் தெரியாது, யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள். சொல்வதற்கு நூறு இருந்தது. நான்கு வருடமாக அந்த நூறையும் தனக்குச் சொல்லிப் பார்த்தவள் அவள்.

"பண்ணல" என்றாள். "பண்ணியிருக்கணும். பண்ணல."

தியன்லாய் அவளுடைய கணினி முன் போய் உட்கார்ந்தான். தன் கணக்கைத் திறந்து, "அந்த ஆளோட கணக்கு எண்ணச் சொல்லு" என்றான். அவள் சோங்கின் மருமகனிடம் கேட்டு வாங்கி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புத்தியன்காரன்மேல் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டியதையும் அவளே எழுதினாள், தியன்லாய் கையெழுத்துப் போட்டான். அதில் ஒன்றும் திரும்பி வராது என்று இருவருக்கும் தெரியும்.

வந்து சேர்ந்ததா என்று கேட்கப் பீயுன் வெய்ஹாய்க்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வந்துடுச்சுன்னு மருமகன் சொல்றான்" என்றார் சோங். "நல்லா இரும்மா நீ. ஆனா என்ன பெரிய விஷயம்னு இதுக்கு இவ்ளோ பரபரப்பு? பக்கம் நேத்தும் தொறந்துச்சு, இன்னிக்கும் தொறக்குது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலியே."

தியன்லாய் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினான். பீயுன் அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் அந்தக் கையை மெதுவாக எடுத்து, உடைந்துவிடும் பொருளை வைப்பதுபோல் மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

பீயுன் ஹாங்சோ கம்பெனிக்கு இரண்டு வரி எழுதினாள். இந்தப் பெயர் விற்பனைக்கு இல்லை, கட்டிய பணம் இன்றே திரும்பி வரும் என்று எழுதினாள். அனுப்பி முடித்ததும் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக அழுகை ஒரு துளியும் குறையவில்லை.