திறந்து பார்க்கும் அக்கா

பட்டறையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார் அக்கா. அங்கே ஒரு கணம் நிற்பார். பிறகு திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு உள்ளே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவார். பல வருடப் பழக்கம். பூட்டை இழுத்துப் பார்த்தால் போதாதா என்று யாராவது கேட்டால், "பூட்டு தொங்குறது வெளிய தெரியுது. உள்ள எப்படி இருக்குன்னு யாரு சொல்றது?" என்பார்.

தம்பி நடத்தும் எம்பிராய்டரி பட்டறையில் கணினி அக்காவின் பொறுப்பு. பூ ஒன்றை வரைந்து கொடுத்தால், ஊசி அடுத்து எவ்வளவு தள்ளிக் குத்த வேண்டும் என்பதை எண்களாக்கிக் கோப்பில் எழுதும் புரோகிராம் அவர் சி என்ற கணினி மொழியில் எழுதியது. அந்தக் கோப்பில் மனிதர் படிக்க ஒன்றும் இருக்காது. மிஷினுக்கு மட்டுமே புரியும். எழுதி முடித்ததும் புரோகிராமே அதைத் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சொல்லும். தொலைபேசியில் கடைக்காரரிடம் நூல் கேட்டாலும் "நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க" என்பவர் வேறெப்படி எழுதுவார்? "எங்க அக்கா தன் நிழல்கிட்டயே அடையாள அட்டை கேப்பாங்க" என்பான் தம்பி.

புதுக் கணினியும் மிஷின் ஓட்டப் புதுப் பெண்ணும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். அந்த வாரமே தையல் கெட்டது. பாதிப் பூ ஒழுங்காக வரும். அப்புறம் ஊசி பேய் பிடித்ததுபோல் ஓடி நூலைக் கொத்தாகச் சுருட்டிவிடும். கோப்பு சரி என்றது ஒப்பீடு. அப்படியானால் மிஷின் ஓட்டுபவள் கைதான் சரியில்லை. அக்கா ஒரு நாற்காலியை மிஷினருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கை கூசியது. நூல் கோர்க்கும்போதும் துணியைப் பிரேமில் மாட்டும்போதும் அக்காவின் கண்கள் அவள் விரல்மேலேயே ஊர்ந்தன.

"பிரேமை இடிக்கிறியா?"

"இல்லக்கா."

"நூலப் பிடிச்சு இழுக்கிறியா?"

"நான் தொடவே இல்லக்கா."

"தொடாமத்தான் இப்படி ஓடுதா?"

சனிக்கிழமையோடு அவளை அனுப்பிவிடலாம் என்று தம்பி சொன்னது தடுப்புக்கு அப்பாலிருந்து அவள் காதில் விழுந்தது. அவள் வீட்டில் உலை கொதிப்பது இந்த வேலையால்தான்.

கெட்ட துணியையும் அக்கா தூக்கிப் போடுவதில்லை. அன்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றார். எல்லாம் அதே இதழின் அதே நுனியில் கெட்டிருந்தன.

"கை தவறினா எடம் மாறும். இது ஒரே எடத்துல தவறுதே."

போய்க் கோப்பின் அளவைப் பார்த்தார். எழுதச் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது.

புரோகிராமில் கோப்பைத் திறக்கும் வரியில், இது எழுத்தல்ல, வெறும் எண் என்று கணினிக்குச் சொல்லும் 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை அவர்தான் விட்டிருந்தார். பழைய கணினி அதைப் பொருட்படுத்தவில்லை. புதியதோ எல்லாவற்றையும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டு, வரி முடிவின் குறியான பத்து என்ற எண் வந்த இடத்திலெல்லாம் ஒரு வரி முடிந்ததாக எண்ணி, அதன் முன்னால் பதின்மூன்றைத் தானாகச் செருகியது. திரும்பப் படிக்கும்போது அதைச் சத்தமில்லாமல் எடுத்தும்விட்டது. திருடனே சாட்சியும் சொன்னால் திருட்டு எப்படி வெளிவரும்? மிஷின் மட்டும் உள்ளதை உள்ளபடி படித்தது. ஓர் எண் கூடியதால் பின்னால் வந்ததெல்லாம் இடம் தள்ளிப்போய் ஊசி தடுமாறியது.

எழுதும் வரியிலும் படிக்கும் வரியிலும் அக்கா 'பி' சேர்த்தார். பூ முழுதாக வந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில் தம்பியிடம், "சனிக்கிழமைப் பேச்ச இனி எடுக்காத" என்றார்.

அந்தப் பெண் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். இப்போதெல்லாம் பட்டறையைப் பூட்டியபின் தெருமுனை வரை இருவரும் சேர்ந்து போகிறார்கள். அங்கே அக்கா சாவியை அவளிடம் நீட்டுகிறார்.

"பூட்டினது நான். நீ போய்த் திறந்து பாரு."

அவள் பார்த்துவிட்டு வரும்வரை, பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.