திருவிழாவுக்கு வந்த மாம்பழப் புகை

கேமரன் மலையில் எங்கள் தேயிலை எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுத் தருகிறோம் என்று இரண்டு இளைஞர்கள் தாங்களாகவே வந்து சொன்னபோது கமிட்டியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுவரை யாரும் தாங்களாக வந்து எங்களுக்கு எதுவும் தந்ததில்லை. அதனால் சந்தேகப்படும் பழக்கமும் எங்களுக்கு இல்லை.

ஈப்போ நகரத்திலிருந்து வந்திருந்தார்கள். கறுப்புச் சட்டை, நெஞ்சில் மாம்பழப் படம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்தார்கள். கமிட்டித் தலைவர் அதிலேயே மயங்கிவிட்டார். அவர் எஸ்டேட்டில் கணக்கெழுதிய பழைய கிராணி. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் பேனா இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். நான் டீ பேக்டரியில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தேன். கமிட்டியில் மாதர் பகுதி சார்பாக இருந்த ஒரே பெண் நான்தான். அதாவது, கூட்டத்தில் டீ ஊற்றுவது என் பொறுப்பு.

"என்ன கம்பெனி தம்பி?" என்று தலைவர் கேட்டார்.

"பிளேவர் கம்பெனி, அங்கிள். மாம்பழம், ஸ்ட்ராபெரி, லைச்சி, எல்லாம் இருக்கு."

"ஜூசா?"

இருவரில் உயரமானவன் சற்று யோசித்தான். "ஜூஸ் மாதிரிதான் அங்கிள். நாங்களும் ஜூஸ்னுதான் சொல்வோம்."

பதிலுக்கு அவர்கள் கேட்டது, திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு நடக்கும் விளையாட்டுப் போட்டியில் திடலோரம் ஒரு மேசை போட இடமும், பந்தலில் ஒரு பேனரும். "இளைஞருங்க நிறைய வருவாங்களா அங்கிள்?" என்று மட்டும் உயரமானவன் திரும்பத் திரும்ப விசாரித்தான். "ஒருத்தர் விடாம வருவாங்க" என்று தலைவர் பெருமையோடு சொன்னார்.

பேனர் முதலில் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் அம்மன். மறுபக்கம் கூலிங்கிளாஸ் போட்ட கரடி ஒன்று ஸ்ட்ராபெரிகளுக்கு நடுவே சறுக்குப்பலகையில் நின்றுகொண்டு வாயிலிருந்து மேகம் விட்டது. "கேமரன்னு காட்ட மேகம் போட்டிருக்கான். மூளைக்காரப் பையன்லா" என்றார் பொருளாளர். பூசாரிதான் குறை கண்டுபிடித்தார்: கரடியின் காது அம்மனின் கிரீடத்துக்கு மேலே இருந்தது. அது கூடவே கூடாது என்றார். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு கரடியின் காது மறையும்படி மாவிலைத் தோரணம் கட்டுவது என்று முடிவாயிற்று. கீழ் மூலையில் பொடி எழுத்தில் 18+ என்று இருந்தது. பேனரின் நீளம் என்று நினைத்துப் பொருளாளர் அளந்து பார்த்தார். பதினெட்டு அடி வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களோ என்று எங்களுக்கு வந்த முதல் சந்தேகம் அதுதான்.

அந்தப் பையன்கள் கமிட்டிக்கென்று ஒரு பை நிறைய அன்பளிப்பும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாவிக்கொத்து, தொப்பி, பென்சில் பெட்டிகள், வண்ண வண்ண ஹைலைட்டர் பேனாக்கள். கோயிலில் நடந்த அடுத்த கூட்டத்தில் தலைவர் ஒரு மஞ்சள் ஹைலைட்டரை எடுத்துத் திருவிழா நோட்டீசில் பொங்கல் வைக்கும் நேரத்தைக் கோடிடப் பார்த்தார். எழுதவில்லை. தாளில் அழுத்தித் தேய்த்தார். அப்போதும் எழுதவில்லை. யோசிக்கும்போது பேனாவின் பின்பக்கத்தைக் கடித்து உறிஞ்சுவது கிராணி வேலை பார்த்த காலத்திலிருந்தே அவர் பழக்கம். அன்றும் அப்படியே செய்தார்.

அவர் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளைப் புகை கிளம்பியது. கோயில் முழுக்கப் பழுத்த மாம்பழ வாசனை. பூசாரி கையில் மணியோடு வெளியே ஓடி வந்தார். பொருளாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலைவர் பேனாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மை தீஞ்சிருச்சு போல" என்றார். ஒவ்வொரு வார்த்தையோடும் கொஞ்சம் புகை வந்தது.

வீட்டுச் சாவி வாங்க வந்திருந்த என் மகள் வாசலில் நின்றிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

"அது வேப், தாத்தா. பேட்டரி சிகரெட். ஹைலைட்டர் மாதிரி செஞ்சிருக்காங்க. டீச்சர் பென்சில் பாக்ஸைத் தொறந்து பார்த்தாலும் தெரியாது" என்றாள், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போல.

என் கையிலிருந்த டீ ஜக்கைக் கீழே வைத்தேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா. ஒங்களுக்குத்தான் தெரியல."

தலைவர் உடனே அந்த உயரமான பையனுக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார். அவன் குரலில் பதற்றமே இல்லை. "அங்கிள், அது சிகரெட்ட விடணும்னு நெனைக்கிற பெரியவங்களுக்கு. சின்னப் பசங்களுக்கு இல்ல. கண்டிப்பா இல்ல."

"அப்ப கரடி?" என்று நான் கேட்டேன்.

"கரடி எல்லாருக்கும்தான், அக்கா."

கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. வேண்டாம் என்றால் பந்தல் போய்விடும். எங்கள் ஊரில் மத்தியான மழைக்குப் பந்தல் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது; வேறு ஆளைப் பிடிக்கவும் நேரமில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. "பெரியவங்களுக்குன்னுதானே சொல்றாங்க? அப்பப் பெரியவங்களையே கூப்பிடுவோம்" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். தலைவரோ அதை மிக நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றை விட நினைக்கும் பெரியோர்கள் ஞாயிற்றுக்கிழமை திடலில் உள்ள கரடி மேசைக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்." தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கக் கேட்டது. தேயிலை மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

ஞாயிறன்று பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பெரியவர்கள்தான் வந்தார்கள். கம்பளித் தொப்பி, கைலி, அதற்கு மேல் ஸ்வெட்டர். பக்கத்து ஊரான கோலா தெர்லாவிலிருந்து யாரோ தன் அண்ணனை முட்டைக்கோஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மேசையில் ரோஸ் நிற விளக்குகள், சோப்புக் குமிழி ஊதும் மெஷின், பரிசுச் சக்கரம். பளபளக்கும் குட்டைப் பாவாடையில் இரண்டு பெண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

வரிசையில் முதல் ஆள், தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை பார்த்து ஓய்ந்தவர். லயத்தில் அவர் வருவதற்கு முன்பே அவர் இருமல் வந்துவிடும்.

"தம்பி, நான் சிகரெட்ட விடணும். எது நல்லது?"

உயரமான பையன் தடுமாறினான். "ஒங்களுக்கு என்ன பிளேவர் பிடிக்கும், அங்கிள்?"

"என்னென்ன வச்சிருக்க?"

பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்: "பபிள்கம், பஞ்சு மிட்டாய், யூனிகோர்ன் பால்."

"யூனிகோர்ன்னா என்னம்மா?"

"கொம்பு வச்ச குதிரை, அங்கிள்."

அவர் அதைப் பற்றி நன்றாக யோசித்தார். "சரி, அதையே குடு. மாட்டுப் பால் எனக்கு ஒத்துக்காது."

வானவில் நிறத்தில் பூனைக்காது வைத்த ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் நகரவில்லை. இதை எத்தனை நாள் ஊத வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டார். பின்னால் நின்றவர் இன்னொன்று கேட்டார்: "இதப் பிடிச்சா சிகரெட்ட விட்டுரலாம். சரி. அப்புறம் இத விடறதுக்கு என்ன குடுப்பீங்க?"

உயரமானவன் குட்டையானவனைப் பார்த்தான். "அது டிரைனிங்ல சொல்லித் தரல, அங்கிள்."

குட்டைப் பையன் கேமராவோடு பின்வாங்கிப் பின்வாங்கிப் பார்த்தான். எங்கே நின்று பார்த்தாலும் கம்பளித் தொப்பிதான் தெரிந்தது. "அங்கிள்ங்க எல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பசங்கள வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்."

"நாங்க ஏன் தள்ளணும்? எங்களுக்குப் போட்ட மேசைதானே இது?"

அவன் கேமராவை மூடினான். திடலின் அந்தக் கோடியில் நின்ற இளவட்டங்கள் ஒருத்தரும் மேசைப் பக்கம் வரவில்லை. எப்படி வருவார்கள்? அங்கே ஒருத்தனின் அப்பா நின்றார், ஒருத்தியின் மாமா நின்றார், பாதிப் பேரின் தாத்தா நின்றார். சோப்புக் குமிழிகள் பறந்து வந்து தொப்பிகளில் உட்கார்ந்து உடைந்தன.

மத்தியானத்துக்கு முன்பே விளக்குகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். உயரமான பையன் கையைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் டீ வாங்க வந்தான்.

"மேனேஜர் போன்ல கத்துறாரு, அக்கா. ஒரு போட்டோகூட ஆகாதாம்."

"நீ இத ஊதுவியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. எனக்கு ஆஸ்துமா."

இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திடலை ஒட்டி அவர்கள் ஏற்கெனவே போட்டிருந்த பந்தல் மட்டும் நின்றது. மழை வந்ததும் சாக்கு ஓட்டத்தைக் கரடிக்குக் கீழேயே நடத்தினோம்.

மறுநாள் நான் மகளின் பள்ளிப் பையைத் தரையில் கொட்டினேன். ஒவ்வொரு பேனாவாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"என்கிட்ட இல்லம்மா. ஆனா என் வகுப்புல இருக்கு. ஜூஸ் டப்பா மாதிரி ஒண்ணு வந்திருக்கு. கழுத்துல மாட்டிக்கிற மாதிரிகூட வந்திருக்கு."

"யாரு வச்சிருக்கா?"

இரண்டு பெயர்களைச் சொன்னாள். இரண்டும் எங்கள் லயத்துப் பிள்ளைகள். ஒருத்தி என்னோடு பேக்டரியில் வேலை செய்பவரின் மகள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், ஹைலைட்டரால் தலைவர் வாயில் புகை வந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினார். அன்று அவர் ஓவர்டைம் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

பிறகு வேப் விளம்பரத்துக்கான சட்டம் இறுகியது. டவுனில் கடை வாசல்களில் தொங்கிய மாம்பழமும் கரடியும் இறங்கின. மருந்தடித்த பெரியவர் சிகரெட்டை விடவில்லை. ஒரு பையில் சிகரெட், மறு பையில் யூனிகோர்ன் என்று கொஞ்ச நாள் திரிந்தார். இருமினால் இனிப்பு வாசம் வந்தது. அது தீர்ந்ததும் டவுனில் ஒரு கடைக்குப் போய் அதைக் காட்டி இன்னொன்று கேட்டிருக்கிறார். கடைக்காரப் பெண், "பேரனுக்கா, அங்கிள்?" என்று கேட்டாளாம்.

"எனக்குத்தான்னு சொன்னேன்" என்றார் என்னிடம். "நான் விளையாடறேன்னு நெனைச்சுச் சிரிச்சிட்டா, தாயி. பெரியவங்களுக்கு ஏத்த மாதிரி இங்க ஒண்ணும் இல்லையாம்."