ஒயின் கம்பெனிக்காரன் ஊற்றிய திராட்சரசம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றும் குழப்பம்தான். எழுத்துப் பிழையைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் விஷயத்தில் திருத்த ஒன்றுமில்லை.

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை செய்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பம் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்கிறது. அப்பா, அம்மா, இரண்டு மகள்கள். அவர்கள் அனுப்பும் பாட்டில்கள் கப்பலில் வந்து எங்கள் கிடங்கில் இறங்கும். பெங்களூரில் ஒரு ஓட்டலில் சந்தா கட்டிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஆறு பாட்டில். எந்த ஆறு என்று அந்த அப்பாதான் மாதா மாதம் பொறுக்கி எழுதி அனுப்புவார். பட்டியல் இங்கிலீஷில் இருக்கும். சூப்பர்வைசர் ஒரு முறை படித்துக் காட்டுவார். நான் லேபிளில் உள்ள படங்களை மனதில் பிடித்துக்கொள்வேன்: தண்ணீர்த் தொட்டி, நொண்டி நாய், பழைய டிராக்டர். பாட்டிலைத் தடவிப் பார்த்தும் சொல்வேன். சிலதற்குக் கழுத்துக்குக் கீழே தோள் நிமிர்ந்திருக்கும், சிலதற்குச் சரிந்திருக்கும். பதினோரு வருடத்தில் ஒரு பெட்டியும் மாறிப்போனதில்லை.

ருசி தெரியாது. நான் குடிப்பதில்லை. என் அப்பா குடித்தே போனவர். அதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு முறை ஒரு பாட்டில் உடைந்தபோது வந்த வாசனை மட்டும் தெரியும். நாவல்பழம் நசுங்கினால் வருமே, அது.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகைக்குப் பக்கம். அங்கே எங்கள் சின்ன சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் கொடுப்பது. பன்னீர் திராட்சையை என் மனைவி சர்க்கரையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சுவாள். அந்தத் திராட்சரசத்தைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, தட்டில் அடுக்கி, வரிசை வரிசையாக எடுத்துப் போவது நான். ஜெபம் செய்யச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாட்டும் வராது. நாலு பேர் முன்னால் நின்றாலே வேர்க்கும். சபையில் எனக்கென்று இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான்.

அந்த ஆஸ்திரேலியாக் குடும்பத்தின் மூத்த மகள் ஒரு நாள் கிடங்கைப் பார்க்க வந்தார். படிக்காமல் எப்படிப் பிரிக்கிறேன் என்று சூப்பர்வைசர் மூலமாகக் கேட்டார். பாட்டிலின் தோளைத் தடவிக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, பெட்டிக்குள் வைக்கும் அட்டையில் என் படம் அச்சாகி வந்தது. கையில் நொண்டி நாய் பாட்டில். ‘உங்கள் பெட்டியை அடுக்கும் கை’ என்று கீழே போட்டிருப்பதாக சூப்பர்வைசர் சொன்னார். ஒரு அட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். மனைவி அதை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினாள்.

வீட்டு ஜெபத்துக்கு வந்த சபைச் செயலர் அதைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல மனிதர்தான்.

“இன்னாணா, கையில பாட்டிலு?”

“ஒயின் கம்பெனி தம்பி. அங்கதான் வேல செய்றேன்.”

“பேக்கிங் கம்பெனின்னு இல்ல சொன்னீங்க?”

“பேக்கிங்தான். ஒயின பேக் பண்றோம்.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் எங்கள் பக்கம் பிராந்திக் கடைக்குப் பெயரே ஒயின்ஷாப். அடுத்த ஞாயிற்றுக்குள் நான் ஒயின்ஷாப்பில் வேலை செய்கிறவனாகிவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. ஜனங்களும் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். செயலர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தப்பா நெனச்சிக்காதீங்கணா. ஜனங்க பேசிக்கினு கீறாங்க. ஒயின்ஷாப்காரரு ஊத்தி எப்டி வாங்கறதுன்னு கேக்கறாங்க.”

“எந்த ஒயின்ஷாப்ல தம்பி ஒயின் விக்கறான்?” என்றேன்.

பின்வரிசையிலிருந்து கறிக்கடைக்காரர் குரல் கொடுத்தார். “அவரு சொல்றது கரெக்டுபா. போய்க் கேட்டா குவார்ட்டருதான் குடுப்பான்.”

“உனக்கு எப்டியா தெரியும்?” என்று அவர் மனைவி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. செயலர் ஒரு வழி சொன்னார். “அந்தப் போட்டோவ எடுத்துருங்க. யாருனா கேட்டா அட்டப்பொட்டி கம்பெனின்னு சொல்லுங்க. முடிஞ்சிது. இல்லாங்காட்டி தட்ட வேற யாருக்கனா குடுத்துரலாம்.”

அட்டைப்பெட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் தட்டு எனக்கு. முதுகெல்லாம் வேர்த்தது. எழுந்து நின்றேன்.

“சொல்ல மாட்டேன். பதினோரு வருசமா நான் தொடறது ஒயின்தான். இங்க ஊத்தறதும் அதே பழந்தான். அத்த ஒளிச்சி வெச்சா, தப்பு பண்றேன்னு நானே ஒத்துக்கினா மாதிரி. குடிச்சிட்டு வந்து இங்க கை நீட்டறவங்க யாரு யாருன்னு எனக்குத் தெரியும். என்னிக்கனா ஒரு வார்த்த கேட்டனா?”

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள்.

“திராட்ச நானு காச்சணும், கிராம்பு நானு போடணும், ஊத்தறதுக்கு மட்டும் எங்க ஊட்டுக்காரரு ஆவாதா? அப்ப அடுத்த மாசம் அட்டப்பொட்டியவே காச்சிக் குடிங்க!”

முடிவு எடுக்காமலே கமிட்டி கலைந்தது. ஊற்றலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பது என் பழக்கம். இந்த முறை கேட்கவில்லை. அடுத்த முதல் ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் போய்க் கிண்ணங்களைக் கழுவித் துடைத்தேன். நாற்பத்திரண்டையும் ஒரே மட்டமாக ஊற்றினேன். செயலர் வந்து வாசலில் நின்றார்.

“ஊத்திட்டீங்களா?”

“ஊத்திட்டேன்.”

நான் தட்டோடு நடக்க ஆரம்பித்ததும் இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. இன்றைக்கும் முதல் ஞாயிறுகளில் அவர்கள் வருவதில்லை. போகட்டும்; நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. செயலர் இருந்த வரிசைக்கு வந்தபோது அவர் கண்ணைப் பார்த்துத் தட்டை நீட்டினேன். அதுவரை நான் யார் கண்ணையும் பார்த்து நீட்டியதில்லை. அவர் ஒரு கிண்ணத்தை எடுத்துக் குடித்தார்.

“கிராம்பு ஜாஸ்தி,” என்றார் மெதுவாக.

“போய் அவகிட்ட சொல்லு தம்பி,” என்று அடுத்த வரிசைக்குப் போனேன்.

இதை எழுத ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். எழுதி முடித்தது: ஆகஸ்டு 3, ஞாயிற்றுக்கிழமை.