மொட்டை மாடியில் ஒரு மஞ்சள் கட்டம்

போன வாரம் மறைமலை நகரில் ஒரு அபார்ட்மெண்டில் வாடகைக்கு வீடு பார்த்தேன். ஒப்பந்தத்தில் ஒரு விதி: பால்கனியில் டிஷ் மாட்டக் கூடாது. எங்கள் வீட்டில் டிவியே கிடையாது; இருந்தாலும் சுருக்கென்று கோபம் வந்தது. கூடவே இருங்காட்டுக்கோட்டை ஞாபகம் வந்து சிரிப்பும் வந்துவிட்டது.

முன்பு அங்கே கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த நாங்கள் நான்கு பேர் ஒரு மாடி அறையில் இருந்தோம். கீழே ஓனரக்கா. டிஷ் வாங்கி வந்த அன்றே சொல்லிவிட்டார்: "மாடில ஒரு ஓட்டை போட்டீங்க, ரூமைக் காலி பண்ணிக்கினு போய்டணும்." மழைக்கு ஒழுகும் என்ற பயம். நியாயம்தான். பெயிண்ட் வாளியில் சிமெண்ட் குழைத்து ஊற்றி, அதில் குழாயை நட்டு டிஷ்ஷை மாட்டினோம். ஆனால் அக்கா துணி காயப்போட வரும்போதெல்லாம் வாளியை நகர்த்திவிடுவார். சிக்னல் போய், டிவியில் பந்து வீச ஓடி வருகிறவன் பாதியில் அப்படியே நின்றுவிடுவான்.

அறைத்தோழன் இசக்கி திருநெல்வேலிக்காரன். எங்கள் கம்பெனியில் குப்பைத்தொட்டிக்குக்கூடத் தரையில் மஞ்சள் கட்டம் உண்டு. கட்டத்தை விட்டு நகர்ந்தால் சூப்பர்வைசர் சாமியாடுவார். "கட்டம் போட்டா எவனும் நவுத்த மாட்டாம்ல" என்று இசக்கி வாளியைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டான். நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி டேப் பிடித்து அளந்து கொடுத்தேன்.

மறுநாள் காலை அக்கா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

"அளந்து கோடு போட்டுட்டீங்களா? எங்க நெலத்தையும் கம்பெனிக்குன்னு இப்டித்தான் டேப்பு புடிச்சிகினு வந்து அளந்தாங்கோ. கோடு போட்டவன் எவன் திருப்பிக் குடுத்தான்? இன்னிக்கே காலி பண்ணுங்க!"

பேச்சிலர்களுக்கு அறை கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. அந்தப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. நாங்கள் வேலை பார்த்த ஷெட் யார் நிலத்தில் நிற்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்கி வந்து, நான்கு பேரும் முட்டி போட்டுக் கட்டத்தைத் தேய்த்து அழித்தோம்.

"தெரியாம செஞ்சிட்டோம்க்கா" என்றான் இசக்கி, அழாத குறையாக.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கீழே போய்க் கோலமாவு டப்பாவோடு வந்து, வாளியைச் சுற்றித் தானே ஒரு கோடு இழுத்தார்.

"இது என் கோடு. இத்தத் தாண்டி உங்க டிஷ்ஷு வரக்கூடாது. எங்கூட்டு கேபிளு புட்டுக்கிச்சு. சாயங்காலம் சீரியலுக்கு மேல வருவேன்."

வந்தார். அதன்பின் ரிமோட் எங்கள் கைக்கு வந்ததே இல்லை.

போன வாரம் வீடு பார்த்த அன்றே பைக்கை இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் விட்டேன். மாடியும் இல்லை, வீடும் இல்லை. அங்கே ஒரு பெரிய கிடங்கு. டீக்கடையில் அக்காவைப் பற்றி விசாரித்தேன்.

"அவங்க பேரு இன்னா?" என்றார் கடைக்காரர்.

இசக்கிக்குப் போன் போட்டு அக்கா பேரைக் கேட்டேன். "ஓனரக்காலே" என்றான் உடனே. "சொந்தப் பேருடா" என்றேன். "பேரு... கேக்கவே இல்லியேடே" என்றான்.

நாலு வருஷம் அவர் வீட்டில் குடியிருந்தோம்.